கலவை ஏன் குறையாயிற்று? உர்ட்ஸ் வினையை மீண்டும் வாசித்தல்

1. பாடநூலில் இருக்கும் வினை

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் படித்த எவரும் உர்ட்ஸ் வினையைக் கடந்துதான் வந்திருப்பார். ஆல்கைல் ஹாலைடு ஒன்றை உலர் ஈதரில் கரைத்துச் சோடியம் உலோகத்தோடு சேர்த்தால், ஹாலஜனைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய இரண்டு ஆல்கைல் தொகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து ஆல்கேன் ஆகும். மெத்தில் புரோமைடிலிருந்து ஈத்தேன், எத்தில் புரோமைடிலிருந்து பியூட்டேன். சமன்பாட்டை எழுதி முடித்த கையோடு ஆசிரியர் ஒரு குறிப்பும் சேர்ப்பார்: இம்முறை இரட்டைப்படைக் கார்பன் கொண்ட சமச்சீர் ஆல்கேன்களுக்கே ஏற்றது, இரு வேறு ஹாலைடுகளை எடுத்தால் மூன்று ஆல்கேன்களின் கலவை கிடைக்கும், அதைப் பிரிப்பது கடினம், ஆகவே இது இவ்வினையின் குறைபாடு. அந்தக் கடைசி வரிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி அந்தக் கடைசி வரியைப் பற்றியது. 1855-ல் பாரிசில் சார்ல் அடோல்ஃப் உர்ட்ஸ் இவ்வினையை வெளியிட்டபோது, இரு வேறு ஹாலைடுகளை அவர் தெரிந்தே ஒரே குடுவையில் சேர்த்தார். அவர் எதிர்பார்த்துக் காத்திருந்ததே அந்தக் கலவையைத்தான். அதில் ஒரு புதிய பொருள் இருந்தால் அவருடைய வாதம் வென்றது, இல்லாவிட்டால் தோற்றது. அவ்வளவு முக்கியமான ஒன்று, பிறகு எப்படிக் 'குறைபாடு' என்ற பத்திக்குள் போய்ச் சேர்ந்தது?

அந்தப் பாடநூல் வரி வேதியியலாக எவ்வளவு சரி என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் கொடுக்கப்படும் எடுத்துக்காட்டு மெத்தில் ஹாலைடும் எத்தில் ஹாலைடும். கிடைப்பவை ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன். இவற்றின் கொதிநிலைகள் முறையே –89, –42, –0.5 டிகிரி செல்சியஸ். நாற்பது டிகிரிக்கும் மேல் விலகி நிற்கும் மூன்று பொருள்களைப் 'பிரிப்பது கடினம்' என்று எந்தப் பெட்ரோலிய ஆலைப் பொறியாளரிடமும் சொல்லிப் பார்க்கலாம், சிரிப்பார். ஹெக்சைல் ஹாலைடையும் ஹெப்டைல் ஹாலைடையும் சேர்த்தால் கதை வேறு. கிடைக்கும் டோடெக்கேன், டிரைடெக்கேன், டெட்ராடெக்கேன் ஆகியவை ஏறத்தாழ 216, 235, 254 டிகிரியில் கொதிப்பவை. அங்கே அலுப்புத் தட்டும். பிரிப்பதைவிட உண்மையான தடை கணக்கில் இருக்கிறது. இரு தொகுதிகளும் சம அளவில் இருந்து, யார் யாரோடு சேர்வது என்பது தற்செயலுக்கு விடப்பட்டால், விளைபொருள்கள் 1:2:1 விகிதத்தில் அமையும். வேண்டிய குறுக்கு விளைபொருள் பாதியைத் தாண்டாது. பாடநூல் எடுத்துக்காட்டு, தான் சொல்ல வந்த குறையைக்கூடச் சரியாகக் காட்டவில்லை.

2. தனித்த எத்திலைத் தேடி

1840-களின் கரிம வேதியியலில் 'உறுப்பு' என்ற கருத்துக்குத்தான் மதிப்பு. எத்தில் ஆல்கஹால், எத்தில் அயோடைடு, டைஎத்தில் ஈதர் என்று பல சேர்மங்களிலும் உடையாமல் இடம்பெயரும் ஒரு அணுத்தொகுதி இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. கனிம வேதியியலில் சோடியம், பொட்டாசியம் போன்ற உலோகங்கள் செய்யும் வேலையைக் கரிம வேதியியலில் இந்த உறுப்புகள் செய்கின்றன என்பது அன்றைய எண்ணம். சோடியத்தை உப்பிலிருந்து தனியாக்க முடிகிறதென்றால் எத்திலையும் தனியாக்க முடிய வேண்டும் அல்லவா?

எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் முயன்றது அதைத்தான். 1848–49-ல் எத்தில் அயோடைடையும் துத்தநாகத்தையும் தடித்த கண்ணாடிக் குழாயில் அடைத்து மூடிச் சூடாக்கினார். வாயு ஒன்று கிடைத்தது. எத்திலைப் பிடித்துவிட்டதாக அறிவித்தார். அதே காலத்தில் ஹெர்மன் கோல்பே அசிட்டேட் உப்பை மின்னாற்பகுத்து ஒரு வாயுவைப் பெற்று அதை மெத்தில் என்றார். இன்றைய பெயரில் முன்னது பியூட்டேன், பின்னது ஈத்தேன். இருவரும் தேடியதைவிட இரு மடங்கு பெரிய மூலக்கூறைக் கையில் வைத்திருந்தார்கள்.

ஃபிராங்க்லண்டின் குழாய்களில் வாயுவைத் தவிர வேறொன்றும் இருந்தது. மார்பர்க்கில் புன்சனின் ஆய்வகத்தில், மெத்தில் அயோடைடும் துத்தநாகமும் வினைபுரிந்த எச்சத்தின் மேல் தண்ணீர் விட்டபோது பச்சை கலந்த நீலத் தீச்சுடர் ஒன்று பல அடி உயரத்துக்குச் சீறி எழுந்தது. அந்தச் சுடரில் காட்டிய பீங்கான் துண்டில் கரிய படிவு விழுந்தது. ஆர்சனிக் சேர்மங்களோடு நெடுநாள் பழகி, அவற்றால் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்திருந்த புன்சன், இது ஆர்சனிக்தான், இளைஞர் நஞ்சைச் சுவாசித்துவிட்டார் என்றே பயந்தார். சோதித்தபோது படிவு துத்தநாகம் என்று தெரிந்தது. அன்று கண்டறியப்பட்டவை துத்தநாக ஆல்கைல்கள். கார்பனும் உலோகமும் நேரடியாகப் பிணைந்த சேர்மங்களின் வேதியியல் அங்கிருந்துதான் பெருகியது. தேடிய எத்தில் கிடைக்கவில்லை. தேடாத ஒரு துறை கிடைத்தது.

ஃபிராங்க்லண்டின் வாயு உண்மையில் எத்தில்தானா என்பதில் கருத்து பிளந்தது. ஓகுஸ்த் லோரானும் சார்ல் ஜெரார்தும் இவ்வாயுக்களின் வாய்பாடுகளை இரட்டிக்க வேண்டும் என்றார்கள். ஆவி அடர்த்தி அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஆனால் ஆவி அடர்த்தியைக் கொண்டு மூலக்கூறு எடையைச் சொல்ல, எத்தனை பருமனை ஒரு மூலக்கூறாகக் கொள்வது என்ற உடன்பாடு வேண்டும். அவகாட்ரோவின் கருதுகோள் அன்று பொது ஒப்புதல் பெறவில்லை. ஒரே எண்ணை இரு தரப்பும் தத்தம் வழியில் படித்துக்கொண்டன. அளவீட்டில் பிழை ஏதும் இல்லை. எதை மூலக்கூறு என்று எண்ணுவது என்பதில்தான் சண்டை. இப்படிப்பட்ட சண்டையை இன்னொரு அளவீட்டால் தீர்க்க முடியாது. வேறு வகையான சோதனை வேண்டும்.

3. 1855: கலப்பு உறுப்புகள்

உர்ட்ஸ் 1817-ல் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அருகே வோல்ஃபிசைம் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1849-ல் மெத்திலமீன், எத்திலமீன் ஆகியவற்றைக் கண்டறிந்து பெயர் பெற்றார். 1852-ல் மதுவடிப்பில் எஞ்சும் ஃபூசல் எண்ணெயிலிருந்து பியூட்டைல் ஆல்கஹாலைப் பிரித்தார். இன்றைய பெயரில் அது ஐசோபியூட்டைல் ஆல்கஹால். அடுத்த ஆண்டு பாரிஸ் மருத்துவப் புலத்தில் வேதியியலாளர் துய்மாவின் இடத்துக்கு வந்தார். அவர் அலமாரியில் எத்தில், பியூட்டைல், அமைல் ஆகிய மூன்று அயோடைடுகளும் இருந்தன என்பது இக்கதைக்கு முக்கியம்.

துத்தநாகத்துக்குப் பதில் அவர் சோடியத்தை எடுத்தார். அதே ஆண்டுகளில் அதே நகரில் ஆன்றி சாந்த்-கிளேர் தெவில், அலுமினியம் தயாரிப்பதற்காகச் சோடியத்தைப் பெருமளவில் ஆக்கும் முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1855 பாரிஸ் பொருட்காட்சியில் மக்கள் அலுமினியக் கட்டியை வியந்து பார்த்தார்கள். அந்த அலுமினியத்துக்குப் பின்னால் இருந்தது சோடியம். உர்ட்ஸ் சோடியத்தைத் தேர்ந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே. அதன் வினைத்திறன் ஒன்றே போதிய காரணம்.

வாதத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஃபிராங்க்லண்டின் வாயு தனித்த எத்தில் என்றே வைத்துக்கொள்வோம். பியூட்டைல் அயோடைடிலிருந்து வருவதும் தனித்த பியூட்டைல்தான். இரண்டு அயோடைடுகளையும் ஒரே குடுவையில் போட்டுச் சோடியத்தோடு சேர்த்தால் என்ன கிடைக்க வேண்டும்? தனித்த எத்திலும் தனித்த பியூட்டைலும், சர்க்கரையும் மணலும் கலந்து கிடப்பதுபோல. காய்ச்சி வடித்தால் இரண்டும் தத்தம் கொதிநிலையில் பிரிந்துவிடும். நடுவில் கொதிக்கும் மூன்றாவது பொருள் எதுவும் இருக்க இடமில்லை. உறுப்புகள் இரண்டிரண்டாகவே இருக்க முடியும் என்றால் மட்டும், எத்திலும் பியூட்டைலும் கைகோத்த ஒரு புதிய பொருள் நடுவில் வடியும்.

வடிந்தது. எத்தில்-பியூட்டைல், எத்தில்-அமைல், பியூட்டைல்-அமைல் என்று அவர் பெயரிட்ட பொருள்கள் ஒவ்வொன்றும் தமக்கே உரிய கொதிநிலையோடும் ஆவி அடர்த்தியோடும் நின்றன. இன்றைய அட்டவணையில் பார்த்தால் முறையின் அழகு தெரியும். எத்தில் இரட்டை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்கும் வாயு. ஐசோபியூட்டைல் இரட்டை 109 டிகிரியில் கொதிக்கும் திரவம். நடுவிலுள்ள எத்தில்-பியூட்டைல், அதாவது 2-மெத்தில்பென்டேன், 60 டிகிரியில் கொதிப்பது. இரண்டு அயோடைடுகளில் எதைத் தனியாக எடுத்தாலும் இப்பொருள் கிடைக்காது. இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கிடைக்கும். எத்தனை பருமனை மூலக்கூறாகக் கொள்வது என்ற பழைய சண்டையை இந்தச் சான்று தொடவே இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு போய் முடிவுக்கு வந்துவிட்டது.

இந்தத் தந்திரம் உர்ட்ஸின் தனிக் கண்டுபிடிப்பு என்று சொன்னால் மிகையாகும். லண்டனில் அலெக்சாண்டர் வில்லியம்சன் 1850–52-ல் இதே வழியில் ஈதரின் அமைப்பைத் தீர்த்திருந்தார்: ஈதரில் இரு ஆல்கைல் தொகுதிகள் உண்டென்றால் இரு வேறு தொகுதிகள் கொண்ட ஈதரும் இருக்க வேண்டும்; செய்துகாட்டினார். 1852-ல் ஜெரார்த் அமில நீரிலிகளில் அதையே செய்தார். சமச்சீரான பொருள் தன் அமைப்பை மறைத்துக்கொள்ளும். சமச்சீரற்ற பொருளிடம் அது முடியாது. இந்த நுட்பம் 1850-களின் வேதியியலுக்கு ஒரு நுண்ணோக்கிபோல் பயன்பட்டது. வேதியியல் வரலாற்றாளர் ஆலன் ராக், உர்ட்ஸைப் பற்றி 2001-ல் வெளியிட்ட நூலில், பிரெஞ்சு வேதியியல் களத்தில் அவர் நடத்திய நீண்ட போராட்டத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் 1855 கட்டுரை ஆல்கேன் தயாரிப்புக் குறிப்பாகத் தோன்றாது. அணு, மூலக்கூறு என்ற சொற்களின் பொருளை வரையறுக்கும் போரில் ஒரு களமாகத்தான் தோன்றும். தனித்த எத்தில் இரட்டையென்றால், தனித்த ஹைட்ரஜனும் இரட்டையே என்ற முடிவு அடுத்து வந்து நின்றது. ஐந்தாண்டுகளுக்குப் பின் கார்ல்ஸ்ருஹேயில் அணு எடைகளைப் பற்றிப் பேச உலக வேதியியலாளர்கள் கூடியபோது, கெக்குலேயோடும் வெல்ட்சீனோடும் சேர்ந்து அதைக் கூட்டியவர்களில் உர்ட்ஸும் ஒருவர்.

ஒரு முனை மட்டும் அவிழாமல் இருந்தது. 'டைமெத்தில்' என்ற வாயுவும் 'எத்தில் ஹைட்ரைடு' என்ற வாயுவும் ஒரே வாய்பாடு கொண்ட இரு வேறு பொருள்கள் என்று ஃபிராங்க்லண்ட் உட்படப் பலர் நம்பினர். மான்செஸ்டரில் பணியாற்றிய கார்ல் ஷோர்லெம்மர் 1864-ல் இரண்டையும் குளோரினேற்றம் செய்து, இரண்டிலிருந்தும் ஒரே எத்தில் குளோரைடு வருவதைக் காட்டி, இரண்டும் ஈத்தேன்தான் என்று நிறுவினார். மார்க்சுக்கும் ஏங்கல்சுக்கும் நெருங்கிய நண்பராக இருந்த அதே ஷோர்லெம்மர்தான்.

4. ஃபிட்டிக், அதன்பின் ஒரு எல்லைக்கோடு

ருடோல்ஃப் ஃபிட்டிக் கோட்டிங்கனில் 1862-ல் புரோமோபென்சீனைச் சோடியத்தோடு சேர்த்துப் பைஃபீனைல் பெற்றார். 1864-ல் பெர்ன்ஹார்ட் டோலன்சோடு சேர்ந்து புரோமோபென்சீனையும் மெத்தில் அயோடைடையும் இணைத்தார், கிடைத்தது டொலுயீன். இங்கும் குறுக்கு இணைப்பு ஒரு சான்றாகவே வருகிறது. தார் எண்ணெயில் கிடைக்கும் டொலுயீன் என்பது மெத்தில் ஏறிய பென்சீனே என்பது இதனால் உறுதிப்பட்டது. பென்சீனுக்குக் கெக்குலே தந்த வளைய அமைப்பு அச்சேறியது மறு ஆண்டுதான். தயாரிப்பு முறையாகவும் இது நன்றாக உழைத்தது. புரோமோபென்சீனையும் பியூட்டைல் புரோமைடையும் எடுத்தால் ஆக்டேன் 126, பியூட்டைல்பென்சீன் 183, பைஃபீனைல் 255 டிகிரியில் வடியும். ஒரு சாதாரண வடிகலமே போதும். உர்ட்ஸ்-ஃபிட்டிக் வினை என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது.

அந்தப் பெயரிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. வேதியியல் ஒரு பிரெஞ்சு அறிவியல், அதை நிறுவியவர் லவாய்சியே என்று தம் வேதியியல் பேரகராதியின் முன்னுரையை உர்ட்ஸ் தொடங்க, ஜெர்மன் வேதியியலாளர்களான கோல்பேயும் வோல்ஹார்டும் 1870-ல் கடுமையாகப் பாய்ந்தார்கள். அதே ஆண்டு பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டது. 1871-ல் உர்ட்ஸ் பிறந்த அல்சாஸ் ஜெர்மனி வசமாயிற்று. 1876-ல் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தவர் ஃபிட்டிக். இருவர் பெயருக்கும் இடையில் இன்று நாம் அலட்சியமாகப் போடும் சிறு கோடு ஒரு காலத்தில் நாட்டெல்லையாக இருந்தது.

5. இணைய மறுத்த உறுப்பு

உறுப்புகள் தனித்திருக்க மாட்டா என்பது ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் மறுப்பின்றி நின்றது. அதை உடைத்ததும் இதே வினையின் வாரிசுதான். 1900-ல் ஆன் ஆர்பரில் மோசஸ் கோம்பெர்க், ஆறு ஃபீனைல் தொகுதிகள் ஏறிய ஈத்தேனைச் செய்ய விரும்பினார். டிரைஃபீனைல்மெத்தில் ஹாலைடு இரண்டு மூலக்கூறுகளை உலோகத்தால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது, உர்ட்ஸ் வழிதான். சோடியம் சரிப்படாமல் வெள்ளிக்கு மாறினார். கிடைத்த வெண்பொருளைப் பகுத்தபோது கார்பன், ஹைட்ரஜன் கணக்கு நூறை எட்டவில்லை. கணக்கில் விடுபட்டது ஆக்சிஜன். காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே புகுந்திருந்தது. காற்று படாமல் மீண்டும் செய்தார். இம்முறை கிடைத்த பொருள் கரைசலில் மஞ்சளாகி, காற்றையும் அயோடினையும் உடனே பற்றிக்கொண்டது. மூன்றே பிணைப்புகளோடு நிற்கும் கார்பன் என்று கோம்பெர்க் துணிந்து எழுதினார். 1855-ல் இல்லை என்று நிரூபிக்கப்பட்ட தனி உறுப்பு, இணைப்பு வினை தோற்ற குடுவையில் வந்து நின்றது.

உர்ட்ஸ் தவறு செய்தாரா என்றால், இல்லை. அவருடைய எத்தில் இரட்டைதான். ஃபீனைல் தொகுதிகளின் நெருக்கடியும் அவை தரும் நிலைப்பும்தான் கோம்பெர்க்கின் உறுப்பைத் தனித்து நிற்கவிட்டன. கோம்பெர்க்கின் கரைசலில் அந்த உறுப்போடு சமநிலையில் இருந்த இரட்டை, அவர் நினைத்த ஹெக்சாஃபீனைல்ஈத்தேன் அன்று. ஒரு உறுப்பின் மையக் கார்பன் மற்றதன் வளையத்து முனையில் போய் ஒட்டிய அமைப்பு அது என்பது 1968-ல்தான் தெளிவாயிற்று. எத்தில், மெத்தில் போன்ற எளிய உறுப்புகளைப் பொறுத்தவரை, 1929-ல் ஃபிரீட்ரிஷ் பானெத் டெட்ராமெத்தில்லெட் ஆவியைச் சூடான குழாயில் செலுத்தி, அங்கே பிறக்கும் மெத்தில் உறுப்புகள் சற்றுத் தள்ளியிருந்த ஈயப் படலத்தைக் கரைத்து எடுத்துச் செல்வதைக் காட்டினார். ஃபிராங்க்லண்ட் தேடிய பொருள் நொடியின் சிறு துளி நேரம் வாழ்ந்தது. மூடிய குழாயில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கும் சரக்கு அது அல்ல.

6. சோடியத்தின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது?

தேர்வு வழிகாட்டிகளில் உர்ட்ஸ் வினைக்கு இரண்டு வழிமுறைகள் இருக்கும்: அயனி வழி ஒன்று, தனி உறுப்பு வழி ஒன்று. எதைக் கேட்டாலும் எழுதலாம் என்பது மாணவருக்கு வசதி. ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. சான்றுகளை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும்.

தனி உறுப்பு வழியில், சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க ஹாலைடு பிரிந்து ஆல்கைல் உறுப்பு பிறக்கும். இரு உறுப்புகள் சந்தித்து இணையும். அயனி வழியில், அந்த உறுப்பு இன்னொரு எலக்ட்ரானையும் வாங்கி ஆல்கைல் சோடியமாகி, அது மற்றொரு ஹாலைடின் கார்பனைப் பின்னாலிருந்து தாக்கும்.

முதல் வழிக்குச் சான்றாக அடிக்கடி சொல்லப்படுவது துணை விளைபொருள்கள். எத்தில் புரோமைடிலிருந்து பியூட்டேனோடு ஈத்தேனும் எத்திலீனும் வருகின்றன. இரண்டு எத்தில் உறுப்புகளில் ஒன்று மற்றதிடமிருந்து ஹைட்ரஜனைப் பறித்தால் இந்த இரண்டும் சம அளவில் கிடைக்கும் என்று வாதிடுவார்கள். வாதம் பலவீனமானது. எத்தில் சோடியம் ஒரு கடும் காரம். அது எத்தில் புரோமைடிலிருந்து புரோட்டானைப் பறித்தாலும் ஈத்தேனும் எத்திலீனும் அதே சம அளவில்தான் வரும். இரு வழியும் ஒரே கணக்கைத் தருமானால், அந்தக் கணக்கு எதற்கும் சான்றாகாது. பாடநூல்கள் இதைத் தனி உறுப்பின் கைரேகைபோல் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இரண்டாம் வழிக்கான சான்று கனமானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஏவரி மார்ட்டன், 1930-களில் தொடங்கி, அமைல் குளோரைடையும் நுண்ணிய சோடியத்தையும் வினைபுரியவைத்து, அதில் கார்பன் டைஆக்சைடைச் சேர்த்தபோது கப்ரோயிக் அமிலம் கிடைப்பதைக் காட்டினார். அமைல் சோடியம் இருந்தாலொழிய அது நடக்காது. அவர் வடிவமைத்த குடுவை இன்றும் அவர் பெயரில் விற்கப்படுகிறது. பக்கங்களில் உள்ளே குழிந்த மடிப்புகள் கொண்ட அந்தக் குடுவையில் கலக்கி வேகமாகச் சுழலும்போது திரவம் மடிப்புகளில் மோதிச் சிதறும், உருகிய சோடியம் மணல்போல் உடையும். அதன் வடிவமே இவ்வினையின் உண்மையைச் சொல்கிறது: எல்லாம் உலோகப் பரப்பில் நடக்கிறது, பரப்பு எவ்வளவு, எவ்வளவு புதியது, கலக்கல் எவ்வளவு என்பதைப் பொறுத்தே விளைவு. ஈதர் 35 டிகிரியில் கொதிக்கும். சோடியம் 98 டிகிரியில்தான் உருகும். எனவே ஈதரில் சோடியம் கட்டியாகவே கிடந்து நீலம் பாய்ந்த மேலோடு போர்த்திக்கொள்ளும். டொலுயீனில் கொதிக்கவைத்தால் உருகி மணிகளாகும். ஒரே சமன்பாடு, இரண்டு வேறு வினைகள் என்றே சொல்லலாம்.

ஒளிசுழற்றும் இரண்டாம்நிலை ஆக்டைல் ஹாலைடோடு ஆல்கைல் சோடியத்தை வினைபுரியவைத்த சோதனைகளில், குடை காற்றில் மறுபக்கம் மடிவதுபோல் கார்பனின் அமைப்பு தலைகீழானது. பின்னாலிருந்து தாக்கும் அயனி வழிக்கு அது சாதகம். தனித்த உறுப்பாக இருந்திருந்தால் இருபுறமும் சமமாகச் சேர்ந்து ஒளிசுழற்சியே மறைந்திருக்கும்.

அதற்காகத் தனி உறுப்பைத் தள்ளிவிட முடியாது. 1930-களை ஒட்டி மைக்கேல் பொலானி பெர்லினில் சோடியம் ஆவியையும் ஆல்கைல் ஹாலைடு ஆவியையும் மெல்லக் கலக்கவிட்டு, சோடியம் அணு ஹாலஜனைப் பறித்ததும் ஆல்கைல் உறுப்பு விடுபடும் வேகத்தையே அளந்தார். ஹாலஜன் அயோடினானால் வேகம் மிகுதி, குளோரினானால் குறைவு. 1967-ல் பியூட்டைல் லித்தியமும் பியூட்டைல் புரோமைடும் வினைபுரியும்போதே காந்த ஒத்திசைவு நிறமாலையில் தலைகீழான, மிகைப்பட்ட கோடுகளை வார்டும் லாலரும் கண்டனர். தனி உறுப்புகள் இணையிணையாகப் பிறந்து இணையும்போதுதான் அவ்விதக் கோடுகள் தோன்றும். சோடியத்தின் உடன்பிறப்பான லித்தியம் இப்படி நடந்துகொண்டால், ஆல்கைல் சோடியம் ஹாலைடைத் தாக்கும் படியிலும் எலக்ட்ரான் தாவல் கலந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது.

என் முடிவு இது. முதல் எலக்ட்ரான் பரிமாற்றத்தில் உறுப்பு பிறப்பது உறுதி. அது உலோகப் பரப்பை விட்டு விலகுமுன் இரண்டாவது எலக்ட்ரானை வாங்குமா என்பது ஹாலஜன், கரைப்பான், உலோகப் பரப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. குளோரைடுகளில் ஆல்கைல் சோடியம் தேங்கி நிற்பதும், அயோடைடுகளில் அது பிறந்த உடனே அடுத்த ஹாலைடோடு இணைந்துவிடுவதும் இந்தப் படத்தோடு பொருந்துகின்றன. 'அயனியா, உறுப்பா' என்ற கேள்வி வினைக்குப் பொதுவான ஒரே விடையை எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்புதான் தவறு.

7. ஆய்வகத்திலும் ஆலையிலும்

நம் கல்லூரிகளில் உர்ட்ஸ் வினையைச் செய்து பார்த்த மாணவர் அரிது. ஆனால் ஹாலஜனைக் கண்டறியும் சோதனைக்காகச் சோடியத்தையும் கரிம ஹாலைடையும் ஒன்றாகச் சுடாத வேதியியல் மாணவரும் அரிது. மண்ணெண்ணெய்க் குப்பியிலிருந்து இடுக்கியால் எடுத்த கட்டியை வடிதாளில் ஒற்றிக் கத்தியால் வெட்டினால் பாலாடைக்கட்டிபோல் வழுக்கி வெட்டுப்படும். வெட்டிய முகம் வெள்ளிபோல் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கும். மிளகளவு துண்டைச் சிறு குழாயில் போட்டு உருக்கி, கரிமப் பொருளைச் சேர்த்து, செந்தழலாகச் சுட்டுப் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் இறக்க, குழாய் படீரென்று நொறுங்கும். வடிநீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர்போன்ற வெண்படிவு. அதுவும் சோடியம் ஹாலஜனைப் பறிக்கும் வினைதான். கார்பன் எலும்புக்கூட்டை மட்டும் காப்பாற்றாமல் எரித்துவிடுகிறோம். குளோரோஃபார்ம், கார்பன் டெட்ராகுளோரைடு போன்றவற்றைச் சோடியத்தோடு சேர்க்கவே கூடாது என்று ஆய்வக உதவியாளர்கள் அதட்டுவதற்குக் காரணம் உண்டு: ஒரு தட்டலில் வெடிக்கக்கூடிய கலவை அது.

இவ்வினை செத்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1900-ல் கிரிக்னார்ட், 1901-ல் செம்பைக் கொண்டு உல்மன், பிறகு பலேடியம் என்று மேலான வழிகள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் ஆலைகளைப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் சாலைகளில் ஓடிய பெட்ரோலில் கலந்த டெட்ராஎத்தில்லெட், சோடியம்-ஈயக் கலப்புலோகத்தோடு எத்தில் குளோரைடு வினைபுரிந்து கிடைத்தது. இந்தியா ஈயம் கலந்த பெட்ரோலை 2000-ல் நிறுத்தியது; கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல். சோடியமும் ஹாலைடும் சேரும் இவ்வினை ஈயத்தின் வழியே மனித உடலில் விட்டுச்சென்ற தடம் எவ்வளவு என்று எந்தப் பாடநூலும் அந்த அத்தியாயத்தில் பேசுவதில்லை.

ஒரே மூலக்கூறின் இரு முனைகளிலும் ஹாலஜன் இருந்தால் கலவைச் சிக்கலே எழாது. ஓகுஸ்ட் ஃபிராய்ண்ட் 1881-ல் லெம்பெர்க்கில் 1,3-டைபுரோமோபுரோப்பேனைச் சோடியத்தால் மூடிச் சைக்ளோபுரோப்பேன் செய்தார். பின்னாளில் அறுவைக் கூடங்களில் மயக்க வாயுவாகப் பயன்பட்டது அது. 1-புரோமோ-3-குளோரோசைக்ளோபியூட்டேனிலிருந்து பைசைக்ளோபியூட்டேனை மிக நல்ல விளைச்சலில் தருவதும் சோடியமே. சிலிக்கான் பக்கம் போனால், 1975-ல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் செய்ஷி யாஜிமா டைமெத்தில்டைகுளோரோசிலேனைச் சோடியத்தால் தொடராகக் கோத்து, அந்தப் பலபடியைச் சூட்டில் மாற்றி இழையாக நூற்றுச் சுட்டுச் சிலிக்கான் கார்பைடு இழை ஆக்கினார். பெருவெப்பத்திலும் உறுதி குன்றாத அந்த இழையின் முதல் படி, உர்ட்ஸின் குடுவையில் நடந்ததேதான்.

டிரைஃபீனைல்பாஸ்பீன் இன்னும் சுவையான செய்தி. 2010-ல் நோபல் பரிசு பெற்ற பலேடியம் குறுக்கு இணைப்புகளின் பெருமையே, இரு வேறு கார்பன் துண்டுகளைக் கலவை இல்லாமல் இணைப்பதுதான். உர்ட்ஸ் வினையின் 'குறை'க்குக் கிடைத்த விடை என்றே அவை கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான சுசுகி வினையைச் செய்யும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் முதலில் எடுக்கும் வினையூக்கியில், ஒரு பலேடியம் அணுவை நான்கு டிரைஃபீனைல்பாஸ்பீன் மூலக்கூறுகள் தாங்கி நிற்கும். வைட்டமின் ஏ தயாரிப்பில் விட்டிக் வினைக்காகவும் இதே பாஸ்பீன் செலவாகிறது. வெண்படிகமாகக் குப்பியில் வரும் இந்தப் பொருளைத் தொழிற்சாலைகள் செய்வது எப்படி? குளோரோபென்சீனையும் பாஸ்பரஸ் டிரைகுளோரைடையும், அதாவது இரு வேறு ஹாலைடுகளை, ஒரே கலத்தில் போட்டு உருகிய சோடியத்தோடு சேர்க்கிறார்கள்.